செய்தி கேட்பதும் செய்தியை விசாரிப்பதும்

உடன்குடி என்றதும் தமிழகத்தார் நினைவுக்கு வருவது கருப்பட்டி. தேரிக்காட்டின் செம்மணலும் பனங்காடும் கடலும் அடுத்தடுத்து அமைந்த வட்டாரம் இது. பனையேறியின் உழைப்பில் விளைந்த கருப்பட்டி வெளியூர்களுக்குப் போயிற்று. பிழைப்புத் தேடி மக்களும் போயினர். அண்டையிலுள்ள காயல்பட்டினத்தாருக்கும் குலசேகரன்பட்டினத்தாருக்கும் போலவே உடன்குடி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கும் கொழும்பு அயலூராகத் தோன்றியதில்லை. அங்கிருந்து பணம் வந்தது, கடிதம் வந்தது. கடிதத்தோடு செய்தியும் வந்தது. 1948-ல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியபோதும், 1964-ல் சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோதும், அவற்றை எங்கோ நடந்தவை என்று இக்கரையோர ஊர்களில் எவரும் தள்ளியிருக்க முடியாது. அவை வீட்டுச் செய்திகள். இலங்கை வானொலியின் குரல் தெளிவாகக் கேட்ட கரை அல்லவா இது!

திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் இவ்வளவு தாராளமாகப் பேசப்பட்ட செய்தி, பள்ளிக்கூடத்து வாசலை அடைந்ததும் ஏன் வாயடைத்துப் போயிற்று என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்பும் வினா.

பள்ளியில் செய்திக்கு இடமே இல்லை என்று நாம் கூறவரவில்லை. காலை இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவர் முன்வந்து நாளிதழின் தலைப்புகளைப் படிப்பார். அவற்றுள் இரண்டு மூன்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதப்படும். மணி அடிக்கும்; வகுப்புகள் தொடங்கும்; அத்துடன் உலகம் வெளியே நின்றுவிடும். பிற்காலத்தில் போட்டித் தேர்வுகள் பெருகியபோது ‘நடப்பு நிகழ்வுகள்’ என்ற பெயரில் செய்தி மீண்டும் உள்ளே வந்தது. ஆனால் எந்தக் கோலத்தில் வந்தது? எவருக்கு எந்த விருது, எந்த நாட்டுக்கு எவர் அதிபர், எந்த மாநாடு எந்த நகரில் என்ற மனப்பாடக் கோலத்தில். மீனைத் துள்ளத் துடிக்கக் கண்டவனுக்கும் கருவாட்டை எண்ணிப் பார்த்தவனுக்கும் உள்ள வேறுபாடு இதில் உண்டு.

பள்ளியும் செய்தித்தாளும் இப்படிப் பிரிந்து கிடந்தாக வேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை. தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றில் அவ்விரண்டும் ஒருவர் கையிலேயே வளர்ந்த இடம் ஒன்றுண்டு. அதைக் காண நம் பாட்டன்மார் தோணியேறிய அதே கடலைக் கடந்து நாமும் செல்ல வேண்டும்.

கண்டியில் பிறந்த வழக்கறிஞர் எம். சி. சித்திலெப்பை (1838–1898) அவர்கள் 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார்கள். தொடங்கிய வேளை கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் எகிப்தில் தல்லுல் கபீர் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை உராபி பாஷாவின் படையை முறியடித்திருந்தது. மறு மாதங்களில் உராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் நாடு கடத்தப்பட்டனர். கடத்தப்பட்ட இடம் இலங்கை. 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினர். 1901 வரை உராபி பாஷா அத்தீவிலேயே வாழ்ந்தார். ஆக, எந்த மனிதரைப் பற்றிய செய்தி உலகத்துப் பத்திரிகைகளில் அடிபட்டதோ அந்த மனிதரே சில வாரங்களில் கொழும்புத் தெருவில் நடந்து போகக் காணும் பேறு அவ்விதழின் வாசகர்களுக்குக் கிட்டியது.

இதில் ஒரு பெரும் படிப்பினை அடங்கியிருந்தது. ஆங்கில அரசின் கண்ணில் உராபி ஒரு கலகக்காரர். எகிப்தியக் குடியானவன் கண்ணில் அவர் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்த வீரர். நிகழ்ச்சி ஒன்றே, பெயர்கள் இரண்டு. எந்தப் பெயரைச் சூட்டுவது என்பது எவர் பேனாவைப் பிடித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தம் சமூகத்துக்கென்று ஒரு பேனா வேண்டும் என்று சித்திலெப்பை கருதியதில் வியப்பில்லை. 1885-ல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று. அதன் கதைக்களம் எகிப்துக்கும் பம்பாய்க்கும் இடையே விரிவதும் தற்செயலன்று.

பேனா மட்டும் போதாது, படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக அவர் இதழில் ஓயாது எழுதினார். பள்ளிகள் திறக்க முயன்றார். சில முயற்சிகள் தளர்ந்தன. 1892-ல் கொழும்பு மருதானையில், வாப்பிச்சி மரைக்காயர் போன்றோரின் துணையோடும், உராபி பாஷாவின் ஆதரவோடும் தொடங்கிய மத்ரஸாவே பின்னர் சாஹிராக் கல்லூரி எனப் புகழ்பெற்றது. நாடு கடத்தப்பட்ட ஒருவர், அதாவது நேற்றைய தலைப்புச் செய்தியாக இருந்த ஒருவர், ஒரு பள்ளியின் தோற்றத்துக்குத் துணை நின்றார் என்பதை எண்ணும்போது, செய்தியையும் பள்ளியையும் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு செயற்கையானது என்பது விளங்கும்.

சிங்கப்பூரில் 1887-ல் ‘சிங்கை நேசன்’ நடத்திய மகுதூம் சாயபு அவர்களையும் இவ்விடத்தில் நினைக்கிறோம். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

சாஹிராவின் பொற்காலம் டி. பி. ஜாயா அவர்கள் அதிபராயிருந்த 1921 முதல் 1947 வரையிலான காலம் என்பர். ஜாயா அவர்கள் அதிபர் மட்டுமல்லர், இலங்கைச் சட்டமன்றத்தின் உறுப்பினருமாவார். பகலில் மாணவர்க்கு அதிபராகவும், அவையில் நாட்டுக்குப் பிரதிநிதியாகவும் இருந்த ஒருவரிடம் பயின்ற பிள்ளைகளுக்கு ‘நடப்பு நிகழ்வுகள்’ என்று தனியே ஒரு பாடம் எதற்கு? 1948 முதல் 1961 வரை அதிபராயிருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். ஆட்சிப் பணியை விட்டுப் பள்ளிக்கு வந்தவர். தாம் சுற்றிவந்த நாடுகளைப் பற்றித் தமிழில் நூல்கள் எழுதியவர். ‘மிஸ்ரின் வசியம்’ அவற்றுள் ஒன்று. முஸ்லிம் சமூகத்தின் கல்லூரியாயினும் பிற சமூகத்து மாணவர்களும் அங்கே பயின்றனர். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அக்கல்லூரியில் படித்தவர், பின்பு அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர் என்பது தமிழ் இலக்கிய உலகம் அறிந்த செய்தி. பல சமூகத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே செய்தியைப் பற்றி வாதிடும்போது கிடைக்கும் கல்வி, ஒரே வீட்டார் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவதால் கிடைப்பதில்லை. இதை நாம் பின்னும் வற்புறுத்துவோம்.

இனி நம் கரைக்கு வருவோம்.

1942-ஆம் ஆண்டு இவ்வட்டாரத்துக்கு இரண்டு வகையில் செய்தி ஆண்டாகும். உடன்குடிக்கு அண்மையிலுள்ள காயாமொழியில் பிறந்த சி. பா. ஆதித்தனார் அவ்வாண்டில்தான் மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவனும் படிக்கும்படியான தமிழில் வந்த அவ்விதழ் தேநீர்க் கடை தோறும் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கத்தை ஊன்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று, ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின் கொந்தளிப்பில், குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று புகுந்தது. லோன் என்னும் உப்பு இலாகா அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இரு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் அது குறைக்கப்பட்டது.

நீதிமன்ற ஏட்டில் இது கொலை வழக்கு. மக்கள் நினைவில் இது தியாக வரலாறு. உராபி பாஷாவுக்கு நேர்ந்த அதே இரட்டைப் பெயர் நம் வாசலிலேயே நேர்ந்தது. உடன்குடி வட்டாரத்து எந்தப் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை வைக்கலாம். இளைஞர்களின் விடுதலை வேட்கையையும் அவர்கள் காணட்டும். கடமையில் இருந்தபோது மாண்டவனும் ஒரு தாய் பெற்ற மகன்தான் என்பதையும் காணட்டும். இரண்டையும் ஒருங்கே மனத்தில் தாங்கும் பயிற்சியைத்தான் கலந்துரையாடல் என்கிறோம்.

அது பட்டிமன்றமன்று. பட்டிமன்றத்தில் நமக்கு ஆசை மிகுதி. ஆனால் அங்கே அணி முன்பே பிரிக்கப்பட்டுவிடுகிறது, நகைச்சுவைக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது, நடுவர் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடுகிறார். பேசத் தொடங்கியபோது இருந்த எண்ணத்தை முடிக்கும்போது மாற்றிக்கொண்ட பேச்சாளரைப் பட்டிமன்ற மேடையில் நாம் கண்டதில்லை. வகுப்பறையில் அப்படி ஒரு மாணவனாவது இருந்தால் அந்நாள் பாடம் நடந்தது என்று கொள்ளலாம்.

இது மேனாட்டாரிடம் கடன் வாங்கிய முறை என்று எவரேனும் கருதினால், நம் மார்க்க வரலாற்றைப் புரட்டிப் பார்க்க அவர்களை அழைக்கிறோம். ஹிஜ்ரி 2-ல் (கி.பி. 624) பத்ருக் களத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாளையம் இறங்கிய இடத்தைக் கண்ட ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள், இவ்விடம் இறைவன் அறிவித்ததா அல்லது போர் உத்தியைச் சார்ந்த கருத்தா என்று பணிவோடு வினவியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கருத்துத்தான் என்று விடை கிடைத்ததும், கிணறுகளுக்கு அருகே செல்வது நலம் என்று தம் எண்ணத்தை வெளியிட்டார்கள். பெருமானார் அதை ஏற்று இடம் மாறினார்கள். வஹீயா, கருத்தா என்ற அந்த ஒரு கேள்வியில் செய்தி ஆராய்ச்சியின் முதற் பாடம் முழுவதும் அடங்கியுள்ளது. அறிந்த உண்மை எது, ஒருவர் கருதுவது எது என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்தப் பத்திரிகையும் எளிதில் ஏமாற்ற இயலாது.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம், தீயவன் ஒருவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. பனூ முஸ்தலிக் கூட்டத்தாரைப் பற்றி மதீனாவுக்கு வந்த தவறான தகவல் ஒன்றை ஒட்டி அது அருளப்பட்டதென்று விரிவுரையாளர் பலர் கூறுவர். விசாரிக்காது விட்டிருந்தால் குற்றமற்றவர்கள் மீது படை சென்றிருக்கும். பின்னாளில் ஹதீஸ் கலை வளர்ந்தபோது, செய்தியின் வாசகத்தோடு அதைச் சொன்னவர்களின் தொடரும் ஆராயப்பட்டது. எவர் சொன்னார், எவரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவர் நினைவாற்றல் எப்படி, அவர் நேர்மை எப்படி என்றெல்லாம் தோண்டித் துருவினர். இமாம் புகாரி (ரஹ்), இமாம் முஸ்லிம் (ரஹ்) ஆகியோர் இதற்காக ஊர் ஊராகச் சுற்றினர். ‘தர்ஸே நிழாமி’ பாடத்திட்டத்தில் ‘முனாழரா’ என்னும் வாத முறைக் கலையும் இடம்பெற்றது. ‘ரஷீதிய்யா’ என்னும் நூல் அதற்குப் பாடநூல். எதிராளியின் கூற்றை அவர் ஒப்பும்படி எடுத்துச் சொல்லிவிட்டே மறுக்கத் தொடங்க வேண்டும் என்பது போன்ற ஒழுங்குகள் வாத முறையில் உண்டு. இத்துணைச் செல்வத்தையும் அரபிக் கல்லூரியின் சுவருக்குள் வைத்துவிட்டு, கைப்பேசியில் வந்து விழும் வதந்தியை இரவோடிரவாகப் பத்துப் பேருக்கு அனுப்பிவைக்கும் சமூகமாக நாம் இருப்பது எவ்வளவு பெரிய முரண்!

பெற்றோரின் அச்சத்தை நாம் அறியாமலில்லை. பள்ளியில் அரசியல் பேசப்பட்டால் வம்பு வரும், நம் பிள்ளை ஏதேனும் சொல்லிவைத்தால் நம்மைத்தான் திருப்பிக் கேட்பார்கள், வாயைத் திறக்காமல் படித்து வேலைக்குப் போனால் போதும் என்று எத்தனையோ வாப்பாமார் எண்ணுகின்றனர். சிறுபான்மைக் குடும்பங்களில் இவ்வெண்ணம் கூடுதலாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் வாயடைத்த வகுப்பறை பாதுகாப்பான வகுப்பறையா? 2023 ஆகஸ்டில் நம் பக்கத்து நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவருடைய பள்ளி மாணவர்கள். சாதி காரணம். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. எந்தப் பாட நூலும் வகுப்பில் சாதிவெறியைக் கற்பிக்கவில்லை. வகுப்பில் பேசப்படாத ஒன்றுதான் வகுப்புக்கு வெளியே அரிவாளாயிற்று. உடன்குடியில் முஸ்லிம் பிள்ளையும், நாடார் வீட்டுப் பிள்ளையும், கிறிஸ்தியாநகரத்துப் பிள்ளையும், கடற்கரை மீனவர் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். மாலையில் அவரவர் தெருவுக்குப் போய்விட்டால், அவரவர் தெருவின் செய்தி மட்டுமே அவரவர் காதில் விழும். ஒருவர் செய்தியை மற்றவர் கேட்க அமைந்த ஒரே இடம் அந்த வகுப்பறை.

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் என்னும் கல்வியறிஞர் 1967 முதல் 1972 வரை ஒரு திட்டத்தை நடத்தினார். போர், குடும்பம், வறுமை போன்ற கருத்து வேறுபாடுள்ள பொருள்களைப் பதின்பருவ மாணவர்கள் சான்றுகளை வைத்துக்கொண்டு விவாதிக்க, ஆசிரியர் தம் கருத்தை வெளியிடாமல் நடுநிலைத் தலைவராக மட்டும் அமர்வார். சிறுபான்மைக் கருத்தைக் காப்பதும் அவர் பொறுப்பு. ஆயினும் இனவேறுபாடு பற்றிய சான்றுத் தொகுப்பை வெளியிட மட்டும் அந்நாட்டுப் பள்ளிக் கழகம் மறுத்துவிட்டது. சுதந்திரத்தைப் பற்றி உலகுக்கே பாடம் சொல்லும் நாட்டிலும் துணிவு அவ்விடத்தோடு நின்றது!

ஜெர்மனியில் 1976-ல் பாய்டல்ஸ்பாக் என்னும் சிற்றூரில் கூடிய கல்வியாளர்கள் வேறொரு முடிவுக்கு வந்தனர். ஹிட்லரின் ஆட்சியில் பள்ளிகள் பிரசாரக் கூடங்களாக மாறியதைக் கண்ட நாடு அது. ஆசிரியர் தம் கருத்தால் மாணவரை மூழ்கடித்து அவர் சுயமாகச் சிந்திப்பதைத் தடுக்கலாகாது; சமுதாயத்தில் எது விவாதத்துக்கு உரியதோ அது வகுப்பிலும் விவாதத்துக்கு உரியதாகவே காட்டப்பட வேண்டும்; மாணவர் தம் நலன் எங்கே உள்ளதென்று கண்டறியப் பழக வேண்டும் என்பன அவர்கள் கண்ட நெறிகள். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் சமூக அறிவியலைத் தகவல் குவியலிலிருந்து மீட்டு உரையாடலுக்குக் கொண்டுவர வற்புறுத்தியது. ஏட்டில் வந்தது எல்லாப் பள்ளிகளுக்கும் வந்ததாகச் சொல்வதற்கில்லை.

உடன்குடிப் பள்ளிகளுக்கு இன்று பொருளுக்குப் பஞ்சமில்லை. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய செயற்கைக்கோள்களை ஏற்றிச் செல்லும் எஸ்.எஸ்.எல்.வி. வகை ஏவுகலங்களுக்கானது அது. இவ்வூர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? ஆசிரியர் விடை சொல்ல வேண்டாம். ஒரு நிலப்படத்தை விரித்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஒரு நூலைப் பிடிக்கச் சொல்லட்டும். நூல் இலங்கைக்கு மேலே செல்லும். மக்கள் வாழும் நாட்டின் மீது ஏவுகலம் பறக்கலாகாது என்பதால் அது வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது; வளைவதற்கு எரிபொருள் செலவாகிறது; அந்த அளவுக்குச் சுமக்கும் எடை குறைகிறது. குலசேகரன்பட்டினத்தில் நூலை வைத்தால் தெற்கே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு காலத்தில் பாரி கம்பெனியாரின் சீனி ஆலையும், 1940 வரை அதற்கென ஓடிய சிறு இரயிலும் இவ்வூரில் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால், தொழில் வருவதும் போவதும் எப்படி என்ற பேச்சும் தானே கிளம்பும்.

மறுநாள் பேச்சு அவ்வளவு எளிதாயிராது. இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எவருடையதாயிருந்தது, ஏவும் நாளில் கடலுக்குப் போகாத மீனவருக்கு வருமானம் என்ன, வேலை உள்ளூராருக்குக் கிட்டுமா, பனை என்னாகும் என்பன போன்ற கேள்விகள் வரும். உடன்குடி அனல் மின் நிலையத்துக்கும் இது பொருந்தும். தலா 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள் என்று திட்டமிடப்பட்டது அது. நிலக்கரி இறக்கக் கல்லாமொழிக் கடலுக்குள் நீளும் பாலத்தைக் குறித்து மீனவர்கள் கவலை தெரிவித்தனர். மின்சாரம் வேண்டும் என்பவரும் அந்த வகுப்பில் இருப்பார். வலை வீசும் இடம் போயிற்று என்பவரும் இருப்பார். ஒருவர் கூற்றை மற்றவர் திருப்பிச் சொல்லிக் காட்டிய பின்பே மறுக்கலாம் என்ற முனாழரா விதியை இங்கே கடைப்பிடித்தால் பாதிச் சண்டை எழாது. எந்தத் தகவலைச் சொன்னாலும் எங்கே படித்தாய், அவர் நேரில் கண்டாரா என்று கேட்கும் வழக்கத்தையும் அன்றே தொடங்கிவிடலாம். தெரியாததைத் தெரியாது என்று குறித்துவைத்து, கிராம நிர்வாக அலுவலகத்திலோ மீனவர் சங்கத்திலோ கேட்டுவரப் பிள்ளைகளை அனுப்பலாம்.

ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு பிள்ளை எழுந்து, ‘சார், உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்பாள். ஸ்டென்ஹவுஸ் வழி நிற்பவர் சொல்ல மறுப்பார். நம் மக்களிடையே அது செல்லாது. ஆசிரியர் எதையோ மறைக்கிறார் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். பேச்செல்லாம் முடிந்து மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கையில், தம் எண்ணத்தையும் அதற்கான காரணத்தையும் அவர் சொல்லிவிடலாம் என்பதே நம் கருத்து. ஹுபாப் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியை அந்தப் பிள்ளையும் கேட்கும்படி அவர் சொல்ல வேண்டும்.